திருப்பிச் சொல்லுங்க

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
இப்போது என்ன.
இதற்கு முன் என்ன.
நீ என்ன நினைக்கிறாய்.
உனக்கு என்ன வேண்டும்.

வந்த புதிதில்
மூன்றாவது கட்டத்தை வெறுமையாகவே விடுவேன்.
நர்ஸ் என்ன நினைக்கிறாள் என்று
அதுவரை எந்தக் காகிதமும் கேட்டதில்லை.

கோத்தகிரியில் அன்றிரவு பெருங்காற்று.
பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்
கீழ்க்கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்தாள்
தவச்செல்வி. இருபத்துமூன்று வயது,
முப்பத்தைந்து வாரம்,
நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
பாதம் வீங்கிச் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.
தலை வலிக்குதா?
பரவால்ல சிஸ்டர்.
கண்ணு மங்குதா?
பரவால்ல.
டாக்டர் சொன்னபடி மக்னீசியம்:
நரம்பில் மெதுவாக,
பிறகு பின்புறம் இரு பக்கமும் ஆழமாக.
அந்த ஊசிக்கு அலறாத ஆளை நான் பார்த்ததில்லை.
இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அதற்கும் பரவால்ல என்றாள்.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பியது.
வார்டில் நான் ஒருத்தி, கூடப் போக முடியாது.
ஊட்டிக்கு லைன் கிடைக்கவில்லை.
கட்டபெட்டு தாண்டி
சாலைக்குக் குறுக்கே ஒரு கற்பூரமரம் விழுந்து கிடக்கிறது,
ரம்பத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று
டிரைவர் போஜன் சொன்னதோடு
அவர் போனும் செத்தது.

மூன்று மணிக்கு
ஊட்டி பிரசவ வார்டு எடுத்தது.
ஜெபக்கனி என்றாள், நாகர்கோவில் குரல்.
முகம் பார்த்ததில்லை.
நான்கு கட்டத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.
வைக்கப் போனேன்.

"நில்லுங்க. நான் திருப்பிச் சொல்லுகேன்,
நீங்க கேளுங்க."
பெயர் சரி. வாரம் சரி. பிரஷர் சரி.
"மக்னீசியம் ரெண்டு இருபது.
அப்ப அடுத்தது ஆறு இருபது."

பன்னெண்டின் முன்பாதியைக்
காற்று தின்றிருக்கிறது.
இரண்டு மணி நேரம்
கம்பியில் எங்கோ நழுவி விழுந்திருக்கிறது,
அவள் கேட்காமலிருந்தால்
நான் குனிந்தும் பார்த்திருக்க மாட்டேன்.

"ரெண்டு இல்ல. நடுராத்திரி தாண்டி இருபது நிமிஷம்.
ஒண்ணுக்கும் முன்னாடி."
"அப்ப அடுத்தது நாலு இருபது."
"நாலு இருபது."
"முட்டி துடிக்குதா, மூச்சு எத்தனை,
மூத்திரம் எவ்வளவு, பாத்துட்டுத்தான் போடுவேன்."
பேனா ஒரு எண்ணை அடித்துத் திருத்துவது
காதில் கேட்டது.

பிறகு, படிவத்தில் அச்சாகாத ஒன்றைக் கேட்டாள்.
"வேற ஏதாவது?"

என்ன சொல்ல.
மூத்த பிள்ளையை லயத்தில் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறாள்.
செருப்பு இங்கேயே கட்டிலடியில் கிடக்கிறது.
"எதைக் கேட்டாலும் பரவால்லன்னு சொல்லுவா," என்றேன்.
"நம்பாதீங்க."
கொஞ்சம் தயங்கி,
"இதை எங்க எழுதணும்னு தெரியல."
"மூணாவதுல," என்றாள் ஜெபக்கனி.
"எழுதிட்டேன்."

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
மூணே முக்காலுக்கு வந்து சேர்ந்தாள்,
நாலு இருபதுக்குப் போட்டாச்சு,
தலை வலிக்குதுன்னு சொல்லிட்டா,
மூணு தடவை கேட்டப்புறம்.
தியேட்டருக்குக் கொண்டுபோறோம்.
வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.
ஒப்படைப்பது என்றால் அதுதான்,
கதையை நடுவில் பிடித்து
நடுவிலேயே விடுவது.
எட்டு மணிக்கு ஹேமாவதி வந்தாள்.
மீதி ஏழு பேரையும் அவளுக்குச் சொன்னேன்,
செருப்பையும் சேர்த்து.
அவள் திருப்பிச் சொல்லும்வரை
சாவியைக் கொடுக்கவில்லை.

டானிங்டன் முக்கில் கடை திறந்திருந்தது.
மங்கி குல்லாவைக் காதுவரை இழுத்தபடி
கடைக்காரர் தாளைக் கிழித்தார்.
பன்னெண்டு முட்டை என்றேன்.
தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.
திருப்பிச் சொல்லுங்க என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டு முட்டைதானே?"